எழுநூறு டிகிரிக்குக் கீழே

கால் சுற்று.
அவ்வளவுதான் திருகினேன்
டீசல் பம்பின் ஸ்குரூவை,
ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் போகாமல்.

மறுநாள் பேச்சிப்பாறை ஏற்றத்தில்
இரண்டாம் கியருக்கு இறங்காமலே ஏறியது ஜீப்.
பின்னால் கரும்புகை.
பாலத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள்.
நான் சிரித்தேன்.

அவசரம் எனக்கில்லை, ரப்பர் பாலுக்கு.
வெயில் ஏறினால்
டிரம்முக்குள்ளேயே திரியத் தொடங்கும்.
அமோனியா ஊற்றுவோம்தான்,
அதற்கும் ஒரு எல்லை உண்டு.
குலசேகரத்துக்குப் பாலாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு விலை,
கட்டியாகப் போனால்
ஒட்டுபால் விலை.

மூன்றாவது வாரம்
ஏற்றத்தின் நடுவில் சீறி நின்றது.
டென்சிங் வந்து தலையைக் கழற்றினான்.
நான்கில் ஒரு பிஸ்டன்
ஓரத்தில் உருகியிருந்தது,
கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் மெழுகுதிரி போல.

"சூட்டுக்க மீட்டர் எங்க?"
எந்த மீட்டர் என்றேன்.
"ஒனக்க வண்டி எவ்வளவு சூடாவுதுண்ணு ஒனக்கே தெரியாது.
பின்ன என்னத்துக்குலே திருவின?"

பள்ளியில் அவன் எனக்குப் பின் பெஞ்ச்.
என்னைப் பார்த்து எழுதியவன்.
பதில் சொல்ல வரவில்லை.

புகைக்குழாயில் துளை போட்டு
ஒரு கம்பியை உள்ளே விட்டான்.
டேஷ்போர்டில் ஒரு முள் முளைத்தது.
எழுநூறைத் தொட்டால் காலை எடு என்றான்,
வேறு வேதம் சொல்லவில்லை.
கிரில்லை அறுத்து இன்டர்கூலர்,
மார்த்தாண்டத்திலிருந்து மூன்றடுக்குச் செம்பு ரேடியேட்டர்,
டீசலில் தண்ணீர் பிரிக்க இன்னொரு ஃபில்டர்.
பூஸ்ட் பதினெட்டு கேட்டேன்.
வடசேரிச் சந்தையில் ஏத்தங்குலைக்குப் பேசுவதுபோல் பேசிப் பார்த்தேன்.
பதினான்கில் நின்றான்.

ஆனாலும்
பலவீனம் ஒரு எலி.
இஞ்சினில் பொந்தை அடைத்தோம்,
கிளட்சில் தலை நீட்டியது.
கிளட்சை மாற்றினோம்,
பிராப்பல்லர் ஷாஃப்டின் கிராசில் கீச்சென்றது.
ஒவ்வொரு குதிரைச் சக்திக்கும்
எங்கோ ஒரு நட்டு அழுதது.
என் பில் புத்தகத்துக்கு மேல்
காற்றில் பறக்காதிருக்க
அந்த உருகிய பிஸ்டனை வைத்திருக்கிறேன்.
ஏழு மாதத் தவணை அதற்குக் கீழே.

இடவப்பாதி பிடித்தது.
கோதையாறு பக்கம் ஓடை
பாலத்துக்கு மேலே ஓடிய காலை.
ஆறு டிரம், நான், லோடிங் செல்வின்.
ஃபோர் லோ போட்டு இறங்கினேன்.
பானெட்டுக்கு மேல் தண்ணீர்;
ஸ்நார்க்கல் மட்டும் வெளியே நின்று மூச்சு வாங்கியது.
முள் ஐந்நூற்று எண்பது.
அக்கரை ஏறினோம்.
செல்வின் குரிசு வரைந்துகொண்டான்.

அப்புறம், சும்மா ஒரு வளைவில்,
பட்டென்று ஒரு சத்தம்.
வண்டி மாடாய்ப் போயிற்று.

டர்போ ஹோஸ் கழன்று தொங்கியது.
போனது கிளாம்ப்.
பதினைந்து ரூபாய்.

இவ்வளவு செலவழித்தவனிடம்
ஒரு உபரிக் கிளாம்ப் இல்லை.
மழையில் நின்று நான் யாரையோ திட்டிக்கொண்டிருக்க
செல்வின் தோட்டத்துக்குள் போனான்.
ஒரு மரத்திலிருந்து
சிரட்டை தாங்கும் கம்பியை அவிழ்த்து வந்தான்.
பிளையரால் இரண்டு முறுக்கு.
"பதுக்க ஓட்டும்" என்றான்.

பதுக்க ஓட்டினேன்.
முள் நானூறைத் தாண்டவில்லை.
முன்னால் போன ஆட்டோவைக்கூட முந்தவில்லை.
பால் பாலாகவே போய்ச் சேர்ந்தது.

டென்சிங் கம்பியைப் பார்த்தான்,
செல்வினைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு கிளாம்ப் இருந்த இடத்தில் இரண்டு போட்டான்,
இரண்டுக்கும் காசு வாங்கினான்.

மழை வெறித்த வியாழக்கிழமை
கம்பியோடு போனேன்.
எந்த மரம் என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமானது.
சிரட்டை அடியில் கிடந்தது,
உள்ளே தண்ணீர், ஒரு எறும்பு.
கொட்டிவிட்டு
பழைய தழும்பின் மேலேயே
கட்டினேன்.